அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை

எங்கள் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில், புங்க மரத்தடியில், ஒரு மர பெஞ்சு கிடந்தது. சாமான் வந்த மரப்பெட்டிகளை உடைத்து அடித்தது. உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாயும். லாரி டிரைவர்களுக்கென்று போட்டதுதான். ஆனால் லாரிக்காரர்களைவிட அதில் அதிகமாக உட்கார்ந்தவர்கள் பெண் விசாரிக்க வந்தவர்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிராமத்தில் என்றால் பெண்ணைப் பற்றி நாலு வீடு தள்ளி விசாரிப்பார்கள். ஓசூரில் யாரிடம் விசாரிப்பது? எண்பதுகளில் கம்பெனி கம்பெனியாக முளைத்துக்கொண்டிருந்த ஊர் அது. இந்தப் பக்கம் திருவண்ணாமலைக்காரர் குடியிருப்பார், அந்தப் பக்கம் தூத்துக்குடிக்காரர், எதிரே மாண்டியாவிலிருந்து வந்த குடும்பம். பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் தெரியும், பேர் தெரியாது. அதனால் மாப்பிள்ளை வீட்டார் நேராகப் பெண் வேலை செய்கிற கம்பெனிக்கே வந்துவிடுவார்கள். கையில் மஞ்சள் பை இருக்கும். "இங்க ஒரு பொண்ணு வேலை செய்யுதாமே" என்று இழுப்பார்கள். கேட்டில் இருக்கிற மனிதர் என்ன சொல்கிறாரோ அதுதான் அந்தப் பெண்ணின் ஜாதகம்.

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் பட்டாளத்திலிருந்து வந்தவர், பேரிகை என்ற கிராமத்துப் பக்கம். வீட்டில் தெலுங்கு, கேட்டில் தமிழ், லாரிக்காரரிடம் கன்னடம், கோபம் வந்தால் இந்தி. பெண் விசாரிக்க யாராவது வந்துவிட்டால் அவருக்கு அன்றைக்குத் திருவிழா. தன் பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுத்து, எந்த ஊர், மழை உண்டா, மாங்காய் எப்படி என்று கேட்டு முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

"அந்தப் பொண்ணுங்களா? காலைல உள்ள நுழைஞ்சா தலை நிமிராதுங்க. சாயந்திரம் வெளிய வந்தா நேரா பஸ்ஸுதான்."

தலை நிமிராத அந்தப் பெண் அன்று காலையில்தான் அவருடைய தொப்பியை ஒளித்துவைத்து அவரை அலையவிட்டிருப்பாள். "என்னண்ணா, இப்படி அளக்கறீங்க" என்று கேட்டால் சிரிப்பார். "நல்ல வார்த்தை என்ன ரேஷன்லயா வருது, மண்ணெண்ணெய் மாதிரி அளந்து ஊத்த?"

மனிதர்கள் போகிற போக்கில் இப்படிச் சொல்லுகிறவற்றை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். நான் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. காவேரிப்பட்டினத்தில் பிறந்து, கல்யாணமாகி ஓசூர் வந்து, டி.வி. பூஸ்டர் செய்கிற ஒரு ஷெட்டில் ஈயம் வைக்கக் கற்றுக்கொண்டு, சாமான் அட்டைகளின் மேலிருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி இங்கிலீஷ் படித்தவள். மற்றதெல்லாம் மனுஷர்கள் பேச்சிலிருந்து எடுத்ததுதான். பேச்சு இல்லாமல் என்னால் இருக்க முடியாது. அப்படிப்பட்டவளைப் போய் பேசாதே என்று சொல்லுகிற வேலையில் கொண்டுபோய் விட்டது காலம்.

எங்கள் கம்பெனி வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்தது. நான் ஒயரிங் பிரிவில் மேற்பார்வை. ஒருநாள் முதலாளி எங்களையெல்லாம் கூப்பிட்டு, பெங்களூரில் ஒரு ராணுவ ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது என்றார். எந்தக் கூடம் என்று நான் இப்போதும் சொல்லப்போவதில்லை. அந்த இயந்திரமெல்லாம் இந்நேரம் பழைய இரும்பாகியிருக்கும், சொன்னால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் பேர் சொல்லாமல் இருக்கிற பழக்கம் ஒருமுறை நாக்கில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை.

அந்த நாளில் பெரிய கம்ப்யூட்டரை நமக்கு விற்க வெளிநாட்டுக்காரர்கள் ஆயிரம் யோசித்தார்கள். கொடுத்தால் ராக்கெட்டுக்குக் கணக்குப் போடுவீர்கள், ரகசியச் செய்திகளை உடைப்பீர்கள் என்று சந்தேகம். சரி, நாமே செய்துகொள்வோம் என்று நம் அரசாங்கம் பாதுகாப்புத் துறைப் பணத்தை எடுத்து ஆராய்ச்சிக்கு ஒதுக்கியது. அந்தப் பணம் டில்லியில் கிளம்பி, பெங்களூரில் இறங்கி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, எங்கள் தகர ஷெட்டின் கதவைத் தட்டும் என்று யார் நினைத்தோம்?

"இது கவர்ன்மென்ட் பணம். மார்ச் முடியறதுக்குள்ள சரக்கு போயாகணும். போகலைன்னா ஒதுக்கின பணம் டில்லிக்கே திரும்பிடும். அப்பறம் அடுத்த வருஷம் நம்ம பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்க" என்றார் முதலாளி.

ஷெட்டுக்குள் கண்ணாடி அறை ஒன்று கட்டினார்கள். ஏ.சி. வைத்தார்கள். ஓசூர் குளிரே போதும் என்றிருந்த எங்களுக்கு அது வேறு. பெண்களெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். வேலை இதுதான்: ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குப் பதிலாக நிறைய சின்னக் கம்ப்யூட்டர் பலகைகளை வரிசையாக நிறுத்தி, ஒரு கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைப்பார்களாம். அந்தப் பலகைகள் செருகி நிற்கிற முதுகுத் தட்டை நாங்கள் ஒயரிங் செய்து தர வேண்டும். தட்டு முழுக்க முள்முள்ளாகக் கம்பிகள் நிற்கும். எந்த முள்ளிலிருந்து எந்த முள்ளுக்கு என்று ஒருத்தி படிப்பாள். இன்னொருத்தி தலைமுடி மாதிரி மெல்லிய நீல ஒயரைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால், அதை 'கன்' என்போம், முள்ளில் சுற்றி இறுக்குவாள். படிப்பவளும் சுற்றுபவளும் வீட்டில் ஒரே பாஷை பேசுகிறவர்களாகப் பார்த்துத்தான் நான் ஜோடி சேர்ப்பேன். மனசு எண்ணுவது வீட்டுப் பாஷையில்தான். அதனால் அந்த அறைக்குள் ஒரு மூலையில் தெலுங்கில் எண் ஓடும், இன்னொரு மூலையில் கன்னடத்தில், நடுவில் தமிழில். வெளியிலிருந்து கேட்டால் மூன்று கோயிலில் ஒரே நேரத்தில் அர்ச்சனை நடக்கிற மாதிரி இருக்கும்.

"யானைய விக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னு எறும்பெல்லாம் புடிச்சு பழக்கறாங்க போல, இல்லக்கா?" என்றாள் தமிழ் ஜோடியில் ஒருத்தி.

அவளைப் பற்றித்தான் இனி சொல்லப்போகிறேன். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு அங்கே அரசாங்க மாட்டுப் பண்ணையில் வேலை. தினமும் டவுன் பஸ்ஸில் வருவாள். வாய் ஓயாது. ஆனால் கன்னைக் கையில் எடுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். வாட்ச்மேன் அண்ணனின் தொப்பியை ஒளித்துவைத்தவளும் அவள்தான்.

ஆர்டரோடு கூடவே ஒரு செக்யூரிட்டி ஆபீசரும் வந்தார். வாரம் ஒருமுறை பெங்களூரிலிருந்து வருவார். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். தமிழ் பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும். எங்களை உட்கார வைத்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"பூட்டை உடைக்கறவன் கம்மி அம்மா. சாவி வெச்சிருக்கறவங்க கிட்ட நல்லா பேசி, வாங்கிட்டுப் போறவன்தான் ஜாஸ்தி. கம்ப்யூட்டர்க்கும் அதேதான். அதனால யாருக்கு செய்றோம், எதுக்கு செய்றோம், இதெல்லாம் வெளிய பேடம்மா. வேண்டாம்."

"ஊட்டுல கேட்டா என்ன சார் சொல்றது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒயரிங் வேலைன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

எங்களில் மூத்தவள் ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், எங்க ஊட்டுக்காரர் நான் பேசறத எப்பவுமே காதுல வாங்கறதில்ல. அவரால தேசத்துக்கு ஒண்ணும் ஆபத்து வராது."

ஆபீசர் சிரிக்கவில்லை, குறித்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் பேனாவை மூடும்போது உதடு கொஞ்சம் அசைந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே எங்கள் அடையாள அட்டைகளை மாலையில் கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. சம்பளக் கவரின் மேலிருந்த கம்பெனிப் பேரும் போனது.

இன்றைக்குப் பேப்பரைத் திறந்தால் சைபர் பாதுகாப்பு, சைபர் திருட்டு என்று எழுதுகிறார்கள். அன்றைக்கு அந்த வார்த்தையே எங்கள் பக்கம் வந்ததில்லை. ஆனால் அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தை எங்கள் கேட்டிலேயே படித்தோம். அது எப்படி என்று சொல்கிறேன்.

தை பிறந்து பொங்கல் முடிந்திருந்தது. பெண் தேடுகிற காலம். ஒரு மதியம் கணவன் மனைவி மாதிரி இரண்டு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த மனிதர் நெற்றி நிறையத் திருநீறு, அந்த அம்மாள் தலை நிறையப் பூ. எங்கள் அறையில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி, எங்கள் தம்பிக்குப் பார்க்கிறோம் என்றார்கள். வாட்ச்மேன் அண்ணன் பிளாஸ்க்கைத் திறந்தார். வாயையும் திறந்தார். சாதாரண வேலை இல்லைங்க, ஏ.சி. ரூமு. மிலிட்டரிக்குக் கம்ப்யூட்டர் செய்யறாங்க. பெங்களூர்ல இருந்து பெரிய ஆபீசரே வந்து பாப்பாரு. சரக்கெடுக்க வேன் செவ்வாய்க்கிழமை வரும், பின்பக்க கேட்டுல ஏத்துவாங்க. அந்தப் பொண்ணு கை படாம ஒரு தட்டும் வெளிய போவாதுங்க. இப்படி ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். பெண்ணின் மதிப்பைக் கூட்டத்தான் சொன்னார். பெண் விசாரிக்க வந்தவர்களிடம் சுருக்கமாகப் பதில் சொன்னால், அந்தப் பெண்ணிடம் ஏதோ குறை என்று அர்த்தமாகிவிடும். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

மறுநாள் செக்யூரிட்டி ஆபீசரின் ஜீப் வந்தது. கூடவே முந்தின நாள் பெஞ்சில் உட்கார்ந்த அந்த மனிதரும் இறங்கினார். திருநீறு இல்லை, பேண்ட் சட்டை. வாட்ச்மேன் அண்ணன் அப்போதும் ஒன்றும் புரியாமல் முகமெல்லாம் சிரிப்பாக அவரிடம் போய், "என்னாங்க, ஊட்டுல பேசினீங்களா? பொண்ணு புடிச்சுதா?" என்று கேட்டார்.

அந்த மனிதர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீசரும் வேறு பக்கம் பார்த்தார். பட்டாளத்துக்காரருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வந்தது மாப்பிள்ளை வீட்டார் இல்லை, தன் வாயைச் சோதிக்க ஆபீசர் அனுப்பிய ஆட்கள் என்று புரிந்ததும் நிமிர்ந்து நின்று, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டார். அந்த வயசில் ஒரு மனிதர் அப்படி நிற்பதைப் பார்க்க நன்றாக இல்லை.

முதலாளிதான் குதித்தார். ஆர்டர் போச்சு, மார்ச் போச்சு, எல்லாம் உன் டீயால போச்சு என்று கத்தினார். ஆபீசர் கத்தவில்லை. "இனிமே யாரு வந்து, யார் பேர் சொல்லிக் கேட்டாலும் ஒரே பதில். அப்படி யாரும் இங்க வேலை செய்யல. அவ்ளோதான். டீயும் வேண்டாம்" என்றார்.

"சரி சார்!" என்று வாட்ச்மேன் அண்ணன் சல்யூட் அடித்தார். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் ஜெனரேட்டர் ஷெட்டில் போட்டார்கள். அதற்கப்புறம் சில நாட்கள் அவர் தனியாக டீ குடித்ததைப் பார்த்தேன். "பாதி பிளாஸ்க் மிஞ்சிடுதும்மா. யாரும் கேக்க வராத கேட்டு ஒரு கேட்டா, இல்ல செவுரா?" என்றார்.

மத்திகிரிப் பெண்ணுக்கு அப்போதுதான் இடம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்கு என் சொந்த ஊரான காவேரிப்பட்டினம்தான். கிருஷ்ணகிரி பக்கத்தில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் ஆபரேட்டர். வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார். இவளுக்கும் பிடித்திருந்தது. எப்படித் தெரியும் என்றால், மறுநாள் முழுக்க அவள் அந்த ஆளைப் பற்றி ஒரு கேலியும் செய்யவில்லை. இனி மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருமுறை விசாரித்துவிட்டால் உறுதி செய்துகொள்ளலாம் என்ற நிலை.

அந்தத் தாய்மாமன் மஞ்சள் பையோடு வந்தார். உட்கார பெஞ்சு இல்லை, வெயிலில் நின்றார். பெண்ணின் பேரையும் அப்பாவின் பேரையும் சொன்னார்.

"அப்படி யாரும் இங்க வேலை செய்யலீங்க" என்றார் வாட்ச்மேன் அண்ணன்.

"ஒயரிங்ல இருக்குதாமேங்க. மத்திகிரி பொண்ணு."

"யாரும் இல்லீங்க."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. கலியாண விஷயம்."

போன தடவையும் கல்யாண விஷயம் என்றுதான் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டாராம் வாட்ச்மேன் அண்ணன். இதையெல்லாம் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். "அந்தாளு கண்ணுல தண்ணி மாதிரி இருந்துதும்மா. நல்லா நடிக்கறான்டான்னு நெனைச்சேன்."

இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். ஸ்வெட்டரைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

"அக்கா, நான் எங்க வேலை செய்யறேன்?"

"என்னடி கேள்வி இது?"

"நெஜமா கேக்கறேன். எங்கப்பா நேத்து பண்ணைல லீவு போட்டுட்டு இந்த கேட்டுக்கு வந்துச்சு. அப்படி யாரும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஊட்டுக்கு வந்து ஒண்ணுமே கேக்கல. என் டிபன் டப்பாவ எடுத்து வெச்சுகிட்டு அதையே பாத்துகிட்டு உக்காந்துருக்குது. அம்மாதான் கேட்டுச்சு. தெனம் காலைல சோத்த கட்டிகிட்டு எங்கடி போயிட்டு வரேன்னு."

சொல்லும்போது அழவில்லை. ஸ்வெட்டரின் கையை மட்டும் முறுக்கி முறுக்கி ஒயர் மாதிரி ஆக்கிவிட்டாள். இன்றைக்கு ஒருநாள் வந்து சொல்லிவிட்டுப் போக விட்டார்கள், நாளையிலிருந்து இல்லை என்றாள். கல்யாணம் ஒரு பக்கம். அவளுடைய அப்பா அவள் முகத்தைப் பார்க்காததுதான் அவளைத் தின்றது.

அன்று மாலையே நான் மத்திகிரிக்குப் போனேன். "பொண்ணு என் கூடத்தான் வேலை செய்யுதுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க, சொல்ல முடியாது" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மாப்பிள்ளையின் மாமன் ஊரிலிருந்து சொல்லியனுப்பிய பதில் வேறாக இருந்தது. கூட்டாளி வந்து சொன்னா ஆச்சா? கேட்டுலயே இல்லன்னுட்டாங்களே?

அதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் கேட்டு சொன்னதை அதற்கு மேல் யாரிடம் போய்ச் சரிபார்ப்பது?

முதலாளியிடம் போய், கம்பெனித் தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏற்கெனவே ஒரு தடவ மாட்டிகிட்டோம். மார்ச் தாண்டட்டும், நானே போய் சம்பந்தம் பேசறேன்." மார்ச் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா என்ன?

வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னபோது அவர் கேட்டுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தொப்பிய ஒளிச்சு வெக்கற பாப்பாவா?" என்றார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இத்தன கலியாணத்துக்கு அளந்தேன். இந்த ஒண்ணுக்கு உண்மைய சொல்லியிருந்தா போதும்" என்றார்.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்று யோசித்திருக்கிறேன். ஏதோ ஒரு நாடு செய்தியைத் திருடிவிடக்கூடாது என்று எங்கேயோ டில்லியில் உட்கார்ந்து பணம் ஒதுக்குகிறார்கள். அது நியாயமான பயம்தான். பூட்டு தேவைதான். ஆனால் அந்தப் பூட்டு கடைசியில் மனுஷர்களை வைத்துத்தான் செய்யப்படுகிறது. எங்கள் வாட்ச்மேனின் வாய் அதில் ஒரு துண்டு. அந்த வாயைச் சாத்தினால் உள்ளே இருக்கிற ஒரு பெண் இல்லாமல் போய்விடுவாள் என்பதை எந்தத் திட்டத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியவர்கள் பெண் விசாரிக்கப் போயிருக்க மாட்டார்கள்.

ஆபீசர் வந்த அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொல்லத் தொடங்கினால் சுருக்கமாக வராது. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் திருடனை வெச்சு யோசிச்சேன் அம்மா. மாப்பிள்ளையை வெச்சு யோசிக்கல."

"இப்ப மாத்திச் சொல்லுங்க சார்."

"நான் மட்டும் மாத்த முடியாது. மேல எழுதணும், அவங்க பதில் போடணும். நாளாகும்."

மத்திகிரிப் பெண் கண்ணாடி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். சம்பளக் கணக்கு முடிக்க அன்றைக்குத்தான் வந்திருந்தாள், முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆபீசர் போன பிறகு சொன்னாள். "அக்கா, கேட்டு வாயத் தொறக்கக் கூடாது, அவ்ளோதான? வெளிய இருக்கறவங்க கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லல்ல? சாயந்திரம் சங்கு ஊதறப்போ வந்து பாக்கட்டும். ஆனா மாமா வேணாம். கட்டிக்கப்போறவரே வரட்டும்."

நான் ஓடிப்போய் ஜீப்பில் ஏறப்போன ஆபீசரை நிறுத்தினேன். "சார், ரோட்டோரம் ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தா தப்பா?"

அவர் ரோட்டை இப்படியும் அப்படியும் பார்த்தார். "ரோடு ராணுவத்துது இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினம் போனேன். என் அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கு. மாப்பிள்ளையை ஆற்றுப் பாலத்துப் பக்கம் வரச்சொல்லிப் பார்த்தேன். கறுப்பாக, கைகளில் நீராவி சுட்ட தழும்போடு, பேச யோசிக்கிற ஆள். "உங்க மாமா காதால கேட்டாரு. நீங்க வந்து கண்ணால பாருங்க. புடிக்கலன்னா பாத்துட்டுப் போயிடுங்க" என்றேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு வரச் சொல்லுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப வரேங்க்கா" என்றார்.

அவர் வந்த அன்று மதியத்துக்கு மேல் வாட்ச்மேன் அண்ணன் ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்து பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போட்டார். ஆடுகிற காலுக்கு ஒரு ஓட்டாஞ்சில்லு வைத்தார். டீ கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. அதனால் பிளாஸ்க்கைக் கொண்டுபோய் பெஞ்சின் ஓரத்தில் மறந்து வைத்துவிட்டு வந்தார்.

சங்கு ஊதியது. நாங்கள் வரிசையாக வெளியே வந்தோம். அவளை அன்று ஒருநாள் மட்டும் அனுப்பும்படி அவள் அப்பாவிடம் நான்தான் கெஞ்சியிருந்தேன். கேட்டில் ஒவ்வொருத்தியாக டிபன் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவள் முறை வந்தது. பையைத் திறந்தாள். வாட்ச்மேன் அண்ணன் என்றைக்கும் இல்லாதபடி அந்தப் பையை ரொம்ப நேரம் பார்த்தார். டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தார். அட்டையைத் தூக்கிப் பிடித்து, அதிலிருக்கிற படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து யாருக்குப் பார்வை மங்கல் என்றாலும் தெரியட்டும் என்கிற மாதிரி.

மாப்பிள்ளை எழுந்து ரோட்டைத் தாண்டி வந்தார். "அண்ணா, இவங்க இங்கதான் வேலை செய்யறாங்களா?"

வாட்ச்மேன் அண்ணன் நிமிர்ந்து நின்றார். "அப்படி யாரும் இங்க வேலை செய்யலீங்க."

"இதோ நிக்கறாங்களேண்ணா."

"எங்கீங்க?" என்றார் அவர், அவள் டிபன் பையை அவளிடம் நீட்டியபடியே. "வெயில் பாருங்க, மாசிலயே இப்படிக் காயுது. மாம்பூ நிக்குமான்னு தெரியல."

மாப்பிள்ளை அவரையும் அவர் நீட்டிய பையையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற எங்கள் கூட்டமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"நான் இருக்கறனா, இல்லையா?"

"இருக்கறீங்க."

"உள்ள என்ன வேலைன்னு கேப்பீங்களா?"

"கேட்டா சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப கேக்கல" என்றார்.

அவர் அங்கிருந்து நேராக ஊருக்குப் போகவில்லை. அவள் ஏறிய அதே மத்திகிரி பஸ்ஸில் முன்பக்கம் அவள், பின்பக்கம் அவர் என்று போய், மாட்டுப் பண்ணை கேட்டில் அவள் அப்பா வெளியே வரும்வரை காத்திருந்து, "உங்க பொண்ணு வேலை செய்யற எடத்த நான் பாத்துட்டு வந்தேங்க மாமா" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அன்றைக்கு ராத்திரி டிபன் டப்பாவை அவரே கழுவி வைத்தாராம். இதை அவள் என்னிடம் சொன்னபோதுதான் முதல் தடவையாக அழுதாள்.

சரக்கு மார்ச்சுக்குள் போய்ச் சேர்ந்தது. மேலிடத்துப் பதிலும் வந்தது: வேலை செய்கிறார்களா என்று கேட்டால் செய்கிறார்கள் என்று சொல்லலாம், என்ன வேலை என்று சொல்லக்கூடாது. பெஞ்சு மறுபடி புங்க மரத்தடிக்கு வந்தது. ஆபீசர் இன்னொரு முறையும் திருட்டு மாப்பிள்ளை வீட்டாரை அனுப்பிப் பார்த்தாராம். வாட்ச்மேன் அண்ணன் அவர்களுக்கு டீ கொடுத்து, தன் சம்பந்திச் சண்டை, முழங்கால் வலி, பேரிகைச் சந்தையில் மாட்டு விலை எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். "என் ஆளு உங்க வாட்ச்மேனோட குடும்ப விஷயம் மொத்தமும் தெரிஞ்சுகிட்டு வந்தான். வேற ஒண்ணும் தெரியல" என்று சொல்லி அன்றைக்குத்தான் ஆபீசர் எங்கள் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார்.

சில வருஷம் கழித்து ஒரு பேப்பரில் படம் வந்தது. நம் நாட்டிலேயே செய்த பெரிய கம்ப்யூட்டர் என்று, உயரமான அலமாரி ஒன்றின் பக்கத்தில் பெரிய மனிதர்கள் நின்றார்கள். நாங்கள் ஒயரிங் செய்தது அதற்குத்தானா, வேறெதற்காவதா, எனக்கு இன்றுவரை தெரியாது. படத்தில் தெரிந்தது முன்பக்கம். எங்கள் வேலையெல்லாம் முதுகுப் பக்கம். நான் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு காவேரிப்பட்டினத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை, மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்தாள். அவள் விரல் அலமாரியின் ஓரத்துக்குப் போய், அங்கே அதன் பின்னால் எட்டிப் பார்க்கப் போகிற மாதிரி நின்றது.

"நல்லா இருக்குதுக்கா" என்றாள். அவ்வளவுதான்.

அவள் புருஷன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"யாரோ பொறுமையா செஞ்சிருக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ போடச் சமையல்கட்டுக்குப் போனார்.